இரண்டு கைகளால் நீட்டப்படும் அட்டை: சீன வணிக வழக்கங்களுக்கு மேற்குலக முதலாளிகள் பழகிய கதை

2014 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவுனர் மார்க் சக்கர்பேர்க் பெய்ஜிங்கிலுள்ள சிங்ஹுவா பல்கலைக்கழக மேடையில் அமர்ந்து, ஏறத்தாழ அரை மணிநேரம் சீன மொழியில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். உச்சரிப்புத் தடுமாறியது. ஆனாலும் ஒவ்வொரு வசனத்துக்கும் மாணவர்கள் கைதட்டினார்கள். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் நாலைந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருந்து அந்தக் காணொளியைப் பார்த்தோம். "எங்களுக்குச் சிங்களமே நாக்கில வருகுதில்லை, இந்தாள் சீனம் கதைக்குது" என்றாள் ஒரு தோழி. எல்லோரும் சிரித்தோம்.

பேஸ்புக் 2009 ஆம் ஆண்டிலிருந்து சீனாவில் தடைசெய்யப்பட்டிருந்தது. உலகின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர், தன்னை உள்ளே விடாத ஒரு நாட்டின் மொழியைப் படித்து, அந்த நாட்டின் மேடையிலேயே வந்து பேசியிருந்தார். சந்தை அவ்வளவு பெரியது.

அன்றிரவு எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. 2007 இல் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு காவலரண் இருந்தது. அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டுவார். "மாத்தயா" என்பார். அவருக்குத் தெரிந்த சிங்களம் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். எல்லாமே காவலரணில் தேவைப்பட்டவை.

பின்னர் சீன வணிக வழக்கங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது முதலில் கண்ணில் பட்டது, பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் கொடுக்கவேண்டும் என்ற விதி. செய்கை ஒன்றுதான். அதன் பொருள் யார் யாரிடம் நீட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. மேற்குலக நிறுவனத் தலைவர்கள் சீனாவில் எதற்குப் பழகினார்கள், எங்கே தவறினார்கள், அந்தப் பழக்கம் எங்கே மரியாதையைத் தாண்டி வேறொன்றானது என்பதை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். சீன முதலீடுகள் பற்றி அன்றாடம் செய்தி படிக்கும் நமக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

மேசையில் படிக்கவேண்டிய பாடங்கள்

சீனா 1979 இல் கூட்டு முயற்சிகளுக்கான சட்டத்தை நிறைவேற்றி வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. 1983 இல் அமெரிக்கன் மோட்டர்ஸ் நிறுவனம் பெய்ஜிங்கில் ஜீப் தயாரிக்க ஒப்பந்தம் செய்தது. 1984 இல் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் ஷங்காய்க்குப் போனது. அந்த முதல் தலைமுறை முகாமையாளர்கள் விழுந்தெழும்பிப் படித்தவைதான் பின்னர் பாடப் புத்தகங்களில் ஏறின.

பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கி, வாசித்துப் பார்த்து, மேசையில் மரியாதையாக வைக்கவேண்டும். வாங்கியவுடன் காற்சட்டைப் பின்பையில் செருகுவது அவமதிப்பு. குடும்பப் பெயர் முதலில் வரும். ஷி ஜின்பிங் என்பதில் ஷி என்பதே குடும்பப் பெயர். விருந்து மேசையில் வாசலைப் பார்த்தபடி உள்ள இருக்கையில் விருந்தளிப்பவர் அமர்வார். அவருக்கு வலப்பக்கம் பிரதான விருந்தினர். தானியத்தில் வடித்த 'பைஜியு' என்ற கடும் மதுவைச் சிறு குவளையில் ஊற்றி, 'கன்பெய்' என்று சொல்லி அருந்துவார்கள். குவளையைக் காலியாக்கு என்பது அதன் பொருள். மூத்தவரின் குவளையோடு முட்டும்போது உங்கள் குவளையின் விளிம்பு கொஞ்சம் கீழே இருக்கவேண்டும்.

பரிசு கொடுக்கும்போது மணிக்கூடு கூடாது. சீனத்தில் 'மணிக்கூடு கொடுத்தல்' என்ற சொல்லின் ஒலி, சாகும் ஒருவருக்கு இறுதிக் கடமை செய்வதைக் குறிக்கும் சொல்லின் ஒலியைப் போன்றது. நான்கு என்ற எண் சாவின் ஒலியோடு பொருந்துவதால் அதைத் தவிர்ப்பார்கள். எட்டு செழிப்பின் எண். பெய்ஜிங் ஒலிம்பிக் 2008 ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் திகதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது தற்செயலானதல்ல.

இவற்றைப் படிப்பது கடினமில்லை. வழக்கங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2012 டிசெம்பரில் ஷி ஜின்பிங் தலைமை எட்டு அம்ச விதிகளைக் கொண்டுவந்து அதிகாரிகளின் ஆடம்பர விருந்துகளுக்குக் கடிவாளம் போட்டது. இன்று பெயர் அட்டைக்குப் பதிலாக வீசற் செயலியின் குறியீட்டைத் தொலைபேசியில் ஸ்கான் செய்துகொள்கிறார்கள். கடினமானது இதற்கு அடியில் இருப்பது.

முகமும் உறவும்

சீன வணிகத்தை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்கள் தேவை. ஒன்று 'மியன்சு', அதாவது முகம். மற்றது 'குவான்ஷி', அதாவது உறவு.

முகம் என்பதை நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. முகத்தை முறிக்காமல் பேசு என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள். சீனாவில் கூட்டத்தில் ஒருவரைத் திருத்துவது, மூத்தவர் முன்னிலையில் அவருடைய பணியாளரைக் குறை சொல்வது, முகத்துக்கு நேரே 'இல்லை' என்பது எல்லாம் மற்றவரின் முகத்தைப் பறிப்பவை. ஆகவே மறுப்பு சுற்றி வளைத்து வரும். "ஆராய்ந்து பார்ப்போம்", "கொஞ்சம் யோசிப்போம்" என்று சீனப் பங்காளி சொன்னால் பெரும்பாலும் காரியம் நடக்காது என்று பொருள். இதை நம்பிக் காத்திருந்து மாதங்களைத் தொலைத்த அமெரிக்க முகாமையாளர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் கடன் கேட்டுப் போய் "பாப்பம்" என்ற பதிலோடு திரும்பிய எவருக்கும் இது உடனே விளங்கும்.

குவான்ஷி என்பது தெரிந்தவர் ஒருவர் மூலம் அறிமுகமாகி, உதவி பெற்று, உதவி செய்து, காலப்போக்கில் கடமையாக மாறும் பிணைப்பு. நீதிமன்றத்தையும் எழுத்து ஒப்பந்தத்தையும் முழுமையாக நம்பமுடியாத சூழலில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்குக் கண்ட வழி அது. அமெரிக்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் நட்பாகலாம் என்று நினைப்பார். சீன வணிகர் நட்பான பின்னரே கையெழுத்தைப் பற்றி யோசிப்பார்.

முகத்தைப் பறித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலிய ஆடை நிறுவனமான டொல்சே அன்ட் கபானா நல்ல உதாரணம். 2018 நவம்பரில் ஷங்காயில் பெரும் காட்சியொன்றை நடத்தவிருந்தார்கள். அதற்கான விளம்பரக் காணொளிகளில் சீனப் பெண் ஒருவர் பீற்சாவையும் ஸ்பகெட்டியையும் உணவுக் குச்சிகளால் உண்ணத் தெரியாமல் திண்டாடுவதாகக் காட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று சீனா கொதித்தது. காட்சி அன்றே இரத்தானது. இணையக் கடைகள் அவர்களின் பொருட்களை அகற்றின. இரு நிறுவுனர்களும் காணொளியில் தோன்றி, கடைசியில் சீன மொழியிலேயே மன்னிப்புக் கேட்டார்கள்.

டெஸ்லாவும் இதைப் படித்தது. 2021 ஏப்ரலில் ஷங்காய் மோட்டார் கண்காட்சியில் ஒரு பெண் டெஸ்லா காரின் கூரையில் ஏறி நின்று, தடுப்பான் பழுது என்று சத்தமிட்டார். நியாயமற்ற கோரிக்கைகளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற தொனியில் நிறுவனம் முதலில் பதில் சொன்னது. அரச ஊடகங்கள் கண்டிக்கத் தொடங்கியதும் மறுநாளே மன்னிப்புக் கோரியது.

கையெழுத்தை விடப் பெரிய முத்திரை

சீன நிறுவனமொன்றில் கையெழுத்தை விட முத்திரைக்கே பலம் அதிகம். பொலிஸாரிடம் பதிவுசெய்யப்பட்ட, வட்டமான, சிவப்பு மை முத்திரை அது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் நிறுவனத்தின் பெயரால் பேசலாம்.

பிரித்தானிய சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம், இதை நல்ல விலை கொடுத்துப் படித்தது. 2020 ஜூனில் ஆர்ம் சைனாவின் பணிப்பாளர் சபை அதன் தலைவரை நீக்க வாக்களித்தது. நிறுவன முத்திரை அவரிடம் இருந்தது. அவர் போகவில்லை. சபைத் தீர்மானம் தாளில் இருக்க, நிறுவனம் அவர் கையில் இருந்தது. அவரை அகற்ற 2022 வசந்தகாலம் வரை எடுத்தது. இதற்குப் பின்னர் மேற்குலகச் சட்டத்தரணிகள் சீனாவுக்குப் போகும் தம் கட்சிக்காரரிடம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, முத்திரை யாருடைய அலுமாரியில் இருக்கப்போகிறது என்பதே.

பழகியவர்களும் பழகாதவர்களும்

கே.எப்.சி. 1987 நவம்பரில் பெய்ஜிங்கின் சியன்மென் பகுதியில் முதற் கடையைத் திறந்தது. அமெரிக்கக் கோழிப் பொரியலை மட்டும் நம்பியிருக்கவில்லை. காலைக்குக் கஞ்சியும், சீனர்கள் விரும்பும் 'யூதியாவ்' என்ற நீள மாப் பொரியலும் பட்டியலில் சேர்ந்தன. உள்ளூர் முகாமையாளர்களிடம் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

ஸ்டார்பக்ஸ் 1999 இல் பெய்ஜிங்கில் காலடி வைத்தது. 2000 இல் பேரரசர்களின் பழைய அரண்மனைக்குள், தடைசெய்யப்பட்ட நகர் எனப்படும் இடத்தில், ஒரு கடை திறந்தது. அது பண்பாட்டுக்கு அவமதிப்பு என்ற எதிர்ப்பு வளர்ந்து 2007 இல் மூடவேண்டி வந்தது. ஆனால் அதே நிறுவனம் பின்னர் ஒன்றைச் சரியாக விளங்கிக்கொண்டது. படித்த பிள்ளை கோப்பி ஊற்றும் வேலைக்குப் போவதைச் சீனப் பெற்றோர் மதிப்புக் குறைவாகக் கண்டார்கள். ஒரே பிள்ளை, குடும்பத்தின் முழு எதிர்பார்ப்பும் அந்தப் பிள்ளை மேல். 2012 இல் பணியாளர்களின் பெற்றோரை அழைத்துக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். 2017 இல் பெற்றோருக்குப் பாரதூரமான நோய்களுக்கான காப்புறுதியும் அறிவித்தார்கள். பிள்ளையை வேலைக்கு எடுப்பது என்றால் அந்த வீட்டையும் சேர்த்து யோசிக்கவேண்டும் என்பது அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது.

பழகாதவர்களும் உண்டு. வீட்டு வேலைகளை நீங்களே செய்யுங்கள் என்ற அமெரிக்க எண்ணத்தோடு வந்த ஹோம் டிப்போ, 2012 இல் மீதமிருந்த ஏழு பெருங்கடைகளையும் மூடியது. கூலி மலிவான நாட்டில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கியவர் தானே ஓடு பதிக்க விரும்பவில்லை. அதற்கு ஆள் பிடித்தார். ஈபே நிறுவனம் வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே நேரடியாகப் பேசிக்கொள்வதை விரும்பவில்லை. அலிபாபாவின் தாவ்பாவ் தளம் இருவரும் அரட்டையில் பேரம் பேச வழிசெய்தது. பேசாமல் எவரும் வாங்காத சந்தையில் ஈபே 2006 இல் தன் சீனத் தளத்தைக் கைவிட்டது.

உறவு இலஞ்சமாகும் இடம்

குவான்ஷி என்ற சொல்லுக்குப் பின்னால் வேறு சிலதும் ஒளிந்துகொண்டன. பிரித்தானிய மருந்து நிறுவனமான கிளாக்ஸோ ஸ்மித்கிளைன், தன் மருந்துகளை எழுதிக்கொடுக்க வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் இலஞ்சம் கொடுத்ததாக 2014 செப்டெம்பரில் சாங்ஷா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபராதம் 300 கோடி யுவான். ஜே.பி. மோர்கன் வங்கி, சீன அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் வேலை கொடுத்து வணிகம் பிடித்த விவகாரத்தில் 2016 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகளுக்கு ஏறத்தாழ 26 கோடியே 40 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அந்தத் திட்டத்துக்கு வங்கிக்குள் 'மகன்களும் மகள்களும்' என்றே பெயர்.

"அங்கே அதுதான் வழக்கம்" என்பது இத்தகைய இடங்களில் வசதியான சாட்டு. சீனச் சட்டமும் இலஞ்சத்தைக் குற்றம் என்றே சொல்கிறது. சாதாரண சீனர்களுக்கும் அது வெறுப்பானதே. ஒரு மக்களின் பண்பாட்டை அவர்களின் அதிகாரிகளுடைய ஊழலோடு சேர்த்துக் குழப்புவதை, வழக்கத்துக்கு மதிப்புக் கொடுப்பதாகச் சொல்லமுடியாது.

மரியாதை மௌனமாகும் இடம்

2013 மார்ச்சில் சீன அரச தொலைக்காட்சி, அப்பிள் நிறுவனம் சீன வாடிக்கையாளருக்குக் குறைந்த உத்தரவாதமே தருவதாகக் குற்றஞ்சாட்டியது. இரண்டு வாரம் கழித்து, பிரதம நிறைவேற்று அதிகாரி டிம் குக் சீன மொழியில் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டு உத்தரவாத விதிகளை மாற்றினார். வாடிக்கையாளர் பயனடைந்தார். இதில் பிழையில்லை.

அதே நிறுவனம் 2017 இல் தணிக்கையைத் தாண்ட உதவும் வி.பி.என். செயலிகளைத் தன் சீனக் கடையிலிருந்து நீக்கியது. 2018 இல் சீனப் பாவனையாளரின் ஐகிளவுட் தரவுகளைக் குய்சோ மாகாண அரசோடு தொடர்புடைய நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தது. 2019 ஒக்டோபரில், ஹொங்கொங் ஆர்ப்பாட்டக்காரர்கள் பொலிஸார் நிற்குமிடத்தை அறியப் பயன்படுத்திய வரைபடச் செயலியை, சீன அரச நாளிதழ் கண்டித்த பின்னர் அகற்றியது. உள்ளூர்ச் சட்டங்களுக்குக் கட்டுப்படுகிறோம், பாவனையாளர் பாதுகாப்பைப் பார்க்கிறோம் என்பவையே அப்பிள் சொன்ன விளக்கங்கள்.

2018 ஜனவரியில் மரியட் ஹோட்டல் குழுமம் ஒரு கேள்விக்கொத்தில் திபெத், ஹொங்கொங், மக்காவ், தாய்வான் ஆகியவற்றைத் தனி நாடுகளாகப் பட்டியலிட்டது. அதன் சீன இணையத்தளம் ஒரு வாரம் மூடப்பட்டது. தலைமை மன்னிப்புக் கேட்டது. அத்தோடு நிற்கவில்லை. திபெத் ஆதரவு அமைப்பொன்றின் டுவிட்டர் பதிவுக்கு நிறுவனக் கணக்கிலிருந்து 'விருப்பம்' போட்ட ஊழியரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் அமெரிக்காவில் மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். மேசையில் முகம் இழந்தவர் தலைவர். வேலையை இழந்தவர் அந்த மேசைக்குப் பக்கத்திலும் போகாதவர்.

இன்னொன்று எனக்கு மறக்கமுடியாதது. வொக்ஸ்வாகன் 2013 இல் சின்ஜியாங் தலைநகர் உரும்சியில் ஒரு தொழிற்சாலை திறந்தது. உய்குர் முஸ்லிம்கள் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்ட செய்தி உலகெங்கும் வந்துகொண்டிருந்த 2019 ஏப்ரலில், அந்நிறுவனத்தின் தலைவரிடம் பி.பி.சி. அதுபற்றிக் கேட்டது. தனக்கு அது தெரியாது என்றார். 2022 ஓகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் அலுவலகம், அங்கு நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என அறிக்கையிட்டது. சீனா அதை நிராகரித்தது. வொக்ஸ்வாகன் 2024 நவம்பரில் அந்தத் தொழிற்சாலையை விற்பதாக அறிவித்தது. பொருளாதாரக் காரணம் என்றது.

வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. சுவீடனின் எச் அன்ட் எம் ஆடை நிறுவனம் சின்ஜியாங்கில் கட்டாய உழைப்பு பற்றிய கவலையை வெளியிட்டிருந்தது. 2021 மார்ச்சில் அதன் பொருட்கள் சீன இணையக் கடைகளிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. இணைய வரைபடங்களிலும் அதன் கடைகள் காணாமற்போயின. வரைபடத்திலிருந்து அழிக்கப்படுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

சக்கர்பேர்க்கின் கதையும் இங்கே முடிகிறது. மொழி படித்தார். 2016 இல் புகைமூட்டத்துக்குள் தியனன்மென் சதுக்கத்தில் ஓடிப் படமெடுத்து வெளியிட்டார். கதவு திறக்கவில்லை. 2019 இல் வாஷிங்டனில் பேசும்போது, சீனாவில் இயங்குவதற்கான நிபந்தனைகளில் தங்களால் ஒருபோதும் உடன்பாட்டுக்கு வரமுடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். கேட்கப்பட்டது உச்சரிப்பல்ல, கீழ்ப்படிவு.

நல்லூரில் கட்டிய வேட்டி

இவற்றையெல்லாம் வைத்து எனக்கு ஓர் எளிய அளவுகோல் கிடைத்தது. ஒருவர் இன்னொருவரின் வழக்கத்துக்குப் பழகும்போது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இரண்டு கைகளால் அட்டை நீட்டுவதும், கஞ்சி விற்பதும், பணியாளரின் தாய் தந்தைக்குக் காப்புறுதி கொடுப்பதும் பழகுபவரின் சொந்தச் செலவு. அது மரியாதை. விலையை மேசையில் இல்லாத மூன்றாம் ஆள் கொடுக்கிறார் என்றால், அது உய்குராக இருக்கலாம், ஹொங்கொங் மாணவராக இருக்கலாம், அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும்.

இந்த அளவுகோல் சீனாவுக்கு மட்டும் உரியதல்ல. பழகுவது எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2021 டிசெம்பரில் இலங்கைக்கான சீனத் தூதுவர் சி ஷென்ஹொங் யாழ்ப்பாணம் வந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு மேலாடையின்றி வேட்டி கட்டிப் போனார். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. எங்கள் கோயில் வழக்கத்தை அவர் மதித்தார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அதே ஆண்டு மே மாதம், சீன உதவியுடன் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அமைந்த நூலகத்தின் பெயர்ப் பலகையில் சிங்களமும் சீனமும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் இருக்கவில்லை. விமர்சனம் எழுந்த பின்னரே அது அகற்றப்பட்டது. இலங்கை தொடர்பாக 2021 இலும் 2022 இலும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் வந்த தீர்மானங்களுக்கு எதிராகச் சீனா வாக்களித்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் முதலில் சீன நிறுவனத்துக்கும் பின்னர் இந்தியாவுக்கும் எனக் கைமாறியபோது, பெய்ஜிங்கா டில்லியா என்பதே பேச்சாக இருந்தது. தீவில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது பேச்சாக இருக்கவில்லை.

ஆகவே வேட்டி கட்டி வருபவரைக் கண்டு கேலி செய்யவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அவர் சீனராகவோ, இந்தியராகவோ, மேற்குலகத்தவராகவோ, கொழும்பிலிருந்து வருபவராகவோ இருக்கலாம். வாங்கோ என்று சொல்லி இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பிறகு கேட்போம். ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது? முத்திரை யார் கையில்? எந்தக் கடற்கரையில் யாருடைய வாடி எழும்பவேண்டும்? கையெழுத்திடும் மேசையில் அந்த ஊர்க்காரருக்குக் கதிரை போட்டிருக்கிறதா?

அப்பாவுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அண்மையில் கிராம அலுவலர் ஒருவரிடம் அவரோடு போயிருந்தேன். தமிழ்ப் பெண், என்னை விட இளையவர். அடையாள அட்டையைக் கேட்டார். அப்பா எழுந்து நின்று இரண்டு கைகளாலும் நீட்டினார். "இருங்கோ ஐயா, இருந்துகொண்டு தாங்கோ" என்றார் அந்தப் பிள்ளை.